நனைந்த வயிறு

இருபத்திரண்டு நோட்டுகளில் ஒன்பதில் பனிக்கரடி இருந்தது. ஆறில் ஒட்டகம், மீதியில் பென்குயின். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோரம், எருத்தேன்பதிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் அது. விலங்குகள் தாங்கள் வாழும் இடத்துக்கு ஏற்றபடி எப்படி மாறியிருக்கின்றன என்று ஆராய்ந்து எழுதி வரும்படி நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள் நர்மதா. வீட்டுப் போனில் தேடி, ஒரே வரிகளை ஒரே எழுத்துப்பிழையோடு பார்த்தெழுதி வந்திருந்தார்கள்.

"பனிக்கரடியை யாரெல்லாம் பார்த்திருக்கீங்க?" என்று கேட்டாள். ஒரு கையும் எழவில்லை.

பிள்ளைகளின் ஆராய்ச்சிகளை வைத்துப் பஞ்சாயத்து அளவில் நடக்கும் கண்காட்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நர்மதா சூரியநெல்லிக்காரி. தேயிலை எஸ்டேட் குளிரில் வளர்ந்தவளுக்கு இந்த ஊர் மார்ச் மாத வெயில் பழகவே இல்லை. ஓரிடத்தில் நின்று பாடம் எடுக்க முடியாமல் ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். அன்றும் நடந்துகொண்டேதான் சொன்னாள்: "இந்த ஊர்ல இருக்கிற உயிரைப் பாருங்க. என்ன பார்த்தீங்க, எப்போ பார்த்தீங்க, எத்தனை தடவை பார்த்தீங்க. இந்த மூணையும் எழுதிட்டுத் திங்கக்கிழமை வாங்க."

திங்கள்கிழமை வந்தவை வேறு மாதிரி இருந்தன. வேலி முள்ளுக்குள் உதட்டை மட்டும் நீட்டி இலை பறிக்கும் ஆட்டைச் சந்தனம் எழுதியிருந்தான். ஜெஸ்னா ஓணானின் கழுத்து நிறம் மாறியதை நேரம் போட்டுக் குறித்திருந்தாள். நர்மதாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. யோகப்பிரியாவின் பக்கத்துக்கு வந்ததும்தான் பேனா நின்றது.

'எங்க கடலைக் காட்டுல ஆக்காட்டிக் குருவி நாலு முட்டை வெச்சிருக்குது. கூடு இல்லை, வெறுந்தரை. வெயில் ஏறுனா எந்திரிச்சுப் போயி வாய்க்கால்ல வயித்தை நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காருது. சனிக்கிழமை மூணு தடவை. ஞாயித்துக்கிழமை நாலு தடவை.'

நர்மதா அதை வகுப்பில் உரக்கப் படித்தாள். "முட்டைக்குச் சூடுதானே வேணும்? யாராவது ஈரம் பண்ணுவாங்களா? ஆராய்ச்சின்னா கதை கட்டுறது இல்லைம்மா." சிரிப்பு எழுந்தது. பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. யோகப்பிரியா நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் அவள் வேறொரு பக்கம் கொண்டுவந்தாள். பனிக்கரடி. அழகான கையெழுத்து, ஒரு பிழையில்லை.

"ஏம்மா இது?"

"இதுதான் எல்லார்த்துக்கும் தெரியுமுங்களே டீச்சர். யாரும் சிரிக்க மாட்டாங்க."

அந்த வாரம் முழுக்க நர்மதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரீட்சை வினாத்தாளைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போனில் தேடிப் பார்த்தாள். ஒரு கட்டுரையில் உண்டு என்று இருந்தது, இன்னொன்றில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கண்ணால் பார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள், தான் பார்க்காமலேயே கோடு போட்டது நினைக்க நினைக்கக் கசந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு யோகப்பிரியாவின் அப்பா மோகனசுந்தரத்தின் காட்டுக்குப் போய் நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், புள்ளை ஏதாச்சும் தப்புப் பண்ணிருச்சுங்களா?" என்றார் அவர்.

"இல்லைங்க. நான்தான் பண்ணிட்டேன்."

யோகப்பிரியா மனமில்லாமல்தான் கூட வந்தாள். கடலை பிடுங்கிய காட்டின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே குருவி மண்ணோடு மண்ணாக அமர்ந்திருந்தது. அது தலையைத் திருப்பியபோதுதான் நர்மதாவுக்கு அது இருக்கும் இடமே தெரிந்தது.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நர்மதா இரண்டு முறை எழுந்தாள்.

"உக்காருங்க டீச்சர். எந்திரிச்சா அது கத்தும்."

போன் அடித்தது. தலைமையாசிரியை பின்சி, மலையாளம் கலந்த தமிழில். "நர்மதே, கண்காட்சி லிஸ்ட் எங்கே? நாலு மணிக்குள்ள அனுப்பணும் கேட்டோ." அனுப்புகிறேன் என்று நர்மதா தாழ்ந்த குரலில் சொல்லித் திரும்புவதற்குள் குருவி போய்விட்டு வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. வயிறு கண்ணில் படவில்லை. தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மதியம் ஒரு மணி தாண்டியது. மண்ணிலிருந்து கானல் எழும்பியது. குருவி சட்டென எழுந்து தாழப் பறந்து வாய்க்காலில் இறங்கியது. குடிக்கவில்லை. தண்ணீரில் அப்படியே உட்கார்ந்து, உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்தது. பிறகு திரும்பி வந்து முட்டைகளின் மேல் கால் பரப்பி நின்றது. வயிற்று இறகு கொத்துக்கொத்தாய் ஒட்டிக்கொண்டு, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மெல்ல உட்கார்ந்தது.

நர்மதா திரும்பிப் பார்த்தால், யோகப்பிரியா குருவியைப் பார்க்கவே இல்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன்மா," என்றாள் நர்மதா. "அந்தப் பக்கத்தைக் கொண்டா. அந்தச் சிவப்புக் கோட்டை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

"கிழிச்சுப் போட்டுட்டனுங்க."

"திருப்பி எழுதித் தாயேன்."

யோகப்பிரியா குச்சியால் மண்ணைக் கீறினாள். "நீங்க எழுதுங்க டீச்சர். நீங்களுந்தான பாத்தீங்க."

நர்மதா மடியில் நோட்டை வைத்து எழுதினாள். தேதி, நேரம், இடம். 'முட்டைகளைக் குளிரவைப்பதற்காகக் குருவி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது.'

எட்டிப் பார்த்த யோகப்பிரியா மறுப்பாகத் தலையாட்டினாள். "குளிரவெக்கன்னு எழுதாதீங்க. அது நம்ம பாக்கலீங்களே. வயிறு நனைஞ்சிருந்துச்சு, முட்டை மேல உக்காந்துச்சு. அவ்வளவுதானுங்க பாத்தோம்."

நர்மதா அந்த வரியை அடித்தாள். அவள் சொன்னபடியே எழுதினாள். கீழே, ஏன் நனைக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு கேள்வி போட்டாள்.

அதன்பின் எத்தனை தடவை போகிறது என்று எண்ணி முடித்துப் போனைத் திறந்தபோது மணி நாலரை. பின்சி தன்னிடம் இருந்த பெயர்களை அனுப்பியிருந்தார். யோகப்பிரியாவின் பெயர் அதில் இல்லை. இரண்டு நாள் அலைந்து கேட்டும் பட்டியலைத் திறக்க யாரும் சம்மதிக்கவில்லை. சந்தனம் ஆட்டைப் பற்றி எழுதியதுதான் கண்காட்சிக்குப் போவதாக முடிவானது.

திங்கள்கிழமை வகுப்பில் நர்மதா அந்தப் பக்கத்தைப் படித்தாள். படிக்கும் முன்பே, "போன வாரம் நான் பார்க்காம தப்புன்னு சொன்னேன். யோகப்பிரியா பார்த்துட்டு எழுதினா," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஜெஸ்னாதான் கை தூக்கினாள்: "நனைக்கப் போறது அம்மாக் குருவியா, அப்பாக் குருவியா?"

நர்மதா யோகப்பிரியாவைப் பார்த்தாள். "தெரியலீங்க," என்றாள் அவள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது."

அடுத்த சனிக்கிழமை ஆறு பிள்ளைகள் நோட்டோடு காட்டோரத்தில் வந்து நின்றார்கள். குருவி எழும்பிக் கத்தத் தொடங்கியதும், யோகப்பிரியா எல்லாரையும் முப்பது அடி பின்னால் தள்ளி உட்காரவைத்தாள். கடைசியாக வந்த நர்மதாவையும்.