ஜெபக் குறிப்பு

ரீபா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வயிற்றில் இருப்பது வேண்டாம். இடுப்பில் இருப்பது இன்னும் பால்குடி மறக்கவில்லை. பி.எட். கடைசிப் பரீட்சை வேறு தலைக்கு மேல் நிற்கிறது. முக்கூடலில் பீடி சுற்றும் வீட்டிலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். இந்தக் காரணமெல்லாம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தானே?

பாளையங்கோட்டை தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். கூட்டிட்டு வாங்க."

"மேஜரான பொம்பளைக்கு அவ சம்மதமே போதும்னு சட்டத்துல இருக்கு டாக்டர்."

"அப்போ அந்தச் சட்டத்துக்கிட்டயே போய்ப் பண்ணிக்கோங்க."

வெளியே வந்தவளை நர்ஸ் சாலோமி ஓரமாக இழுத்தாள். ரீபாவின் மாமியார் போகிற அதே சபைக்காரி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே.

"கலங்காத பிள்ளே. நான் உனக்காக ஜெபிக்கேன்."

"ஜெபம் வேண்டாம்க்கா. வேற எந்த டாக்டரு பாப்பாங்க, அதைச் சொல்லுங்க."

சாலோமி அதை மட்டும் சொல்லவில்லை.

கூடங்குளத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் புருஷன் ரிச்சர்ட் சனிக்கிழமை வந்தான். கேட்டதும் சிரித்தான்.

"கையெழுத்தா? ஏட்டி, கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல ஒண்ணு போட்டேன்லா, அதுக்கே இன்னும் முழி பிதுங்குது." பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஆண்டவர் குடுத்தது. பேசாம இரு. பி.எட். எங்கயும் ஓடிராது."

அவன் மறுபடி பஸ் ஏறியதும் அவள் முடிவு செய்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை காலேஜுக்கு என்று கிளம்பி, நேரே அரசு பெரியாஸ்பத்திரி. அங்கேயும் கையெழுத்துக் கேட்டால் சண்டை போட வேண்டியதுதான். இதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை சபைக் கோயிலில் பெண்களுக்கான உபவாச ஜெபம். மாமியார் கிரேஸ்மணி அவளையும் கூட்டிப்போனாள். குருவானவரின் மனைவி, சபைக்கெல்லாம் ஐயரம்மா, ஜெபக் குறிப்புகளைக் கேட்டார். ஒருத்தி மகனுக்கு விசா கேட்டாள். ஒருத்தி மூட்டுவலி என்றாள். சாலோமி எழுந்தாள்.

"பேரு வேண்டாம் ஐயரம்மா. நம்ம சபையில ஒரு மகள். கைப்பிள்ளைக்காரி. பி.எட். படிக்கா. வயித்துல உள்ளதை வேண்டாம்னு நிக்கா. அவ மனசு மாறணும்."

அந்தச் சபையில் கைப்பிள்ளையோடு பி.எட். படிப்பவள் ஒருத்திதான். முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு முக்காடாகத் திரும்பியது. கிரேஸ்மணி பேரப்பிள்ளையை ரீபாவின் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எக்கா, ஆஸ்பத்திரில சொன்னதைக் கோயில்ல வந்து சொல்லுதீங்களே, இது நியாயமா?" ரீபா குரல் உடைந்து கத்தினாள்.

"நான் பேரைச் சொல்லலையேம்மா!" சாலோமிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"அத்தை, பிள்ளையைக் குடுங்க. நான் போறேன்."

"எங்க போவே? திங்கக்கிழமை காலேஜுக்கும் போவாண்டாம். ரிச்சர்டு வரட்டும்."

அதற்குள் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். தலையில் ஒரு கை, தோளில் ஒரு கை, முதுகில் இரண்டு. பவுடர் வாசனை, வியர்வை, பசித்த வாயின் நாற்றம். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்பாகத்தான் அழுத்தினார்கள். எழப் பார்த்தாள். அன்பு அசையவில்லை. ஐயரம்மா கண்மூடி நீளமாக ஜெபித்து முடித்தார்.

"ஆமென் சொல்லு பிள்ளே."

"மாட்டேன்."

ஒரு கையும் விலகவில்லை. ஐயரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.