மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு வந்த சோம்பல்

தெருவில் யார் தும்மினாலும் காரணம் சொல்லிவிடுவார் மருந்துக்கடைக்காரர். சொந்த மனைவிக்கு மட்டும் அவர் கண்டுபிடித்த நோய் சோம்பேறித்தனம்.

பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள் அவள். மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டிய துணி மலையாகக் கிடக்க, அதன்மேலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். அரை வயிற்றுக்குச் சாப்பிட்டும் உடம்பு ஊதியது. சீப்பு நிறைய முடி வந்தது. எல்லாரும் விசிறிக்கொள்ளும் வெயிலில் அவள் சால்வை போர்த்தினாள். குரல் கரகரத்து, போனில் பேசினால் "சொல்லுங்க சார்" என்றார்கள்.

"தின்னுட்டுத் தூங்கினா வேற எப்படி இருக்கும்?" என்றார் கணவர். "ஞாயித்துக்கிழமை உங்கம்மா வீட்ல விட்டுடறேன். சுறுசுறுப்பு வந்ததும் சொல்லு, கூட்டிட்டு வரேன்."

பழுதான மிக்சியை ரிப்பேருக்குக் கொடுக்கக்கூட அவர் இவ்வளவு அவசரப்பட்டதில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட மோசம், அவர் சொல்வது நிஜமாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் டாக்டரம்மாவிடம் போனாள். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொன்னார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மறுநாள் முடிவு வந்தது.

"தைராய்டு சுரப்பி சுணங்கிப்போச்சும்மா. உடம்போட காவல்காரனான எதிர்ப்புச் சக்தியே அதைத் திருடன்னு நெனச்சு அடிச்சிருக்கு. தினம் ஒரு மாத்திரை போடுங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பார்த்து அளவை மாத்தலாம்."

காவல்காரன் விஷயம் அவளுக்கு உடனே புரிந்தது. வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே.

"அப்போ நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

"உங்களுக்கு நோய்மா."

நோய் என்று கேட்டு மனசு குளிர்ந்தவள் உலகத்தில் இவளாகத்தான் இருப்பாள்.

நேராகக் கணவரின் கடைக்குப் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் டாக்டரம்மாவின் சீட்டை நீட்டினாள். சீட்டில் மருந்தின் பெயரைத் தவிர வேறெதையும் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கும் வழக்கமும் இல்லை.

"காலைல வெறும் வயித்துல தண்ணியில போடுங்க. அரை மணி நேரத்துக்குக் காபி, டீ கூடாது. நீங்களா நிறுத்தக் கூடாது. அசதி மெல்லத்தான் போகும்." குனிந்த தலை நிமிராமல் பொழிந்தார். "யாராச்சும் சோம்பேறின்னா காதுல போட்டுக்காதீங்கம்மா. விவரங்கெட்டவங்க."

"சொல்றது வீட்டுக்காரரா இருந்தா?" என்றாள் கரகரத்த குரலில்.

பின்னால் நின்ற அம்மாள் முந்திக்கொண்டார். "அந்தாளுக்கும் ஏதாச்சும் மாத்திரை இருந்தா குடுங்க தம்பி."

வரிசை சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், எதிரில் நிற்பது யார் என்று பார்த்தார்.

அவள் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் போகலைங்க," என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்.