நான்தாங்க பொதுமக்கள்

அரியலூர்ப் பக்கம் பூங்காவனத்தின் குரலைக் கேட்காத காது கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள்தான். கணவன் கலைவாணன் எழுதித் தருவான், அவள் பேசிப் பதிவு செய்வாள், அது ஆட்டோவில் ஏறி ஊர் ஊராகப் போகும். என்ன பேசுகிறோம் என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்க யாரும் விட்டதுமில்லை.

சிமெண்ட் கம்பெனி விளம்பரத்தையும் அப்படித்தான் பேசிக் கொடுத்தாள். புதுச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வருகிறதாம், வீட்டுக்கு வீடு வேலையாம். தோண்டப் போவது தன் பிறந்த ஊர் ஏரியை ஒட்டி என்று அண்ணி பொன்னாயி போனில் அழுதபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தானே எழுந்து பேசப் போவதாகவும், அன்றைக்கு அந்த ஆட்டோ ஓடக் கூடாது என்றும் கலைவாணனிடம் சொன்னாள். அவன் சரி என்றான். அந்தச் சரி எந்த ரகம் என்று கல்யாணமான பெண்களுக்குத் தெரியும்.

பந்தலில் அவள் பெயர் கூப்பிட்டதும் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். பழக்கதோஷம், "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அதே தேன் குரல் வந்துவிட்டது. ஏரியைப் பற்றித்தான் பேசினாள். ஆனால் ஒருவரும் நிமிரவில்லை, சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடை விளம்பரம் என்று ஒரு பெரியவர் பக்கத்தில் விசாரித்தார். கைப்பேசியில் மூழ்கியிருந்த அதிகாரி தலை நிமிராமலே சொன்னார்.

"அறிவிப்பு முடிஞ்சுதுன்னா பொதுமக்களப் பேச விடுங்கம்மா."

"நான்தாங்க பொதுமக்கள்."

பந்தலே சிரித்தது. அவளுக்கு முகம் எரிந்தது. மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினாள்.

"ஏரிய ஒட்டித் தோண்டுனா தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். ஏற்கெனவே தோண்டுன பக்கத்து ஊர்ல போயி வத்திப்போன கெணத்த எட்டிப் பாருங்க."

கரகரத்து, நடுநடுவே உடைந்த அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. தலைகள் திரும்பின.

அப்போது சாலையில் ஆட்டோ வந்தது. சுரங்கம் வந்தால் வாழ்வு வரும் என்று தேனாக ஒலித்தது. கூட்டம் அவளையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தது. பந்தல் ஓரத்தில் நின்ற கலைவாணன் தரையைப் பார்த்தான்.

"இதுல எதம்மா நாங்க நம்புறது?" என்று ஒருவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"ரெண்டும் நான்தாங்க. அது எழுதிக் குடுத்தத வாசிச்சது. இது நானா யோசிச்சுப் பேசறது" என்றாள். பாதி ஒலிபெருக்கியில் அமுங்கிப் போனது. தன் குரலுக்கு மேலே போக அவளுக்குத் தொண்டை பத்தவில்லை.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி பொன்னாயி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சாலைக்குப் போய் ஆட்டோவை மறித்து நின்றாள். டிரைவர் திருமுருகன் கலைவாணனைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியை அணைத்தான்.

"இப்பச் சொல்லு பூங்காவனம்" என்றாள் பொன்னாயி. "மொதல்லேருந்து சொல்லு."