மூடி போட்ட படங்கள்

ஆப்பிள் பெட்டிகளின் இடுக்கில், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே கேமரா படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். நான்கு டிகிரி குளிர் அறை. பெட்டி தூக்குகிறவர் அதற்கு முதுகைக் காட்டி, ஒன்றும் அறியாதவர்போல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

மலை ஊரின் மார்கழிக் குளிரில் பதினோரு இரவுகள் மொட்டை மாடியில் விறைத்து நின்று, வெறும் கண்ணுக்கு எட்டாத ஒரு நட்சத்திர மேகத்தை எடுத்திருந்தார். அத்தனை மங்கலானதை எடுத்தால் கேமரா தானே உண்டாக்கும் புள்ளிகளும் படத்தில் ஏறிக்கொள்ளும். அதே குளிரில் மூடி போட்டு வெறும் இருட்டையும் எடுத்து வைத்தால், பிறகு படத்திலிருந்து அவற்றைக் கழித்துவிடலாம். ஆசை அவசரத்தில் அதை மறந்து தொலைத்தார். இப்போது வெயில் காலம் வந்துவிட்டது. கேமராவோ இரவல், சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் திரும்ப வாங்க வருகிறார். வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்டதற்கு மனைவி, "பாலுக்குப் பக்கத்துல அதை வச்சீங்க, உங்களையும் சேர்த்து வச்சுப் பூட்டிடுவேன்" என்றாள்.

இந்த அறைக்குள் கேமரா கொண்டுவந்தால் வேலை போகும் என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்துதான் கொண்டுவந்தார்.

"யாருக்குய்யா படம் எடுத்துக் குடுக்கிற?"

மேஸ்திரி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேமரா அவர் கையில் இருந்தது.

"யாருக்கும் இல்லீங்க. இருட்டைத்தான் எடுக்கிறேன்."

"இருபத்தஞ்சு வருசமா இங்க பொய் கேக்கிறேன். இப்படி ஒண்ணு கேட்டதில்ல."

மேஸ்திரி படங்களைத் தள்ளிப் பார்த்தார். கறுப்பு. மறுபடி கறுப்பு. முப்பத்து நாலும் கறுப்பு. அவர் நெற்றி சுருங்கியது. ஏமாற்றுக்காரனைப் பிடித்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது? இன்னும் தள்ளினார். மாடியில் எடுத்தது வந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

"கண்ணாடியைத் துடைக்கலையா?"

"கறை இல்லீங்க. அதுக்குத்தான் பதினோரு ராத்திரி."

மேஸ்திரி கட்டை விரலால் திரையைத் துடைத்தார். கறை போகவில்லை. கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் இன்னொரு முறை துடைத்தார். விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"எத்தனை பாக்கி?"

"ஆறு."

கேமராவைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது. வெளியிலிருக்கும் சுவிட்சை யாரோ தட்ட, அறை முழுக்க இருண்டது.

பெட்டி தூக்குகிறவர் தடவித் தடவிப் பொத்தானை அழுத்தினார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். மேஸ்திரி புகார் சொல்ல ஆபீஸுக்குப் போகிறாரா என்று காதைத் தீட்டினார். அவர் காலடி கதவை விட்டு நகரவே இல்லை.