கழுவி வைத்த வாத்தியம்

கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி ரத்தினசாமி தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய டபுள் பேஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கலப்பை, இன்னொரு பக்கம் மருந்தடிக்கிற டப்பா. மூன்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனப் பொட்டு, செவ்வந்தி மாலை. ஆள் உயரத்துக்கு நிற்கிற அந்தப் பெரிய பிடிலுக்கு மட்டும்தான் மாலை போடக் கழுத்து என்று ஒன்று இருந்தது.

ஓடிப்போய் முதுகுப் பலகையைத் தடவினான். ஈரம். பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் அவன் நகம் உள்ளே போனது.

"ஆருங்கம்மா இதக் கழுவுனது?"

அம்மா மருதாத்தாள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து அவனுடைய அப்பா பொங்கியண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நாந்தான்டா. தேங்கா நாரு போட்டு நல்லாத் தேச்சுட்டு, பம்புசெட்டுத் தண்ணிய உட்டு அலசுனேன். பாரு, எப்புடி மின்னுதுன்னு."

ரத்தினசாமிக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. அந்த வாத்தியம் ஆணியில் நிற்பதல்ல. ஆசாரிகள் தோலைக் காய்ச்சி எடுக்கிற வஜ்ஜிரப் பசையில் ஒட்டி நிற்பது. தண்ணீர் பட்டால் பசை இளகிவிடும், வெயில் பட்டால் பலகை பிளந்துகொள்ளும். இந்த மனிதர் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருக்கிறார்!

நாளை சாயங்காலம் ஒலவக்கோட்டில் அவனுக்குப் பம்பாய் ரயில். வாத்தியத்தை லக்கேஜ் வேனில் ஏற்ற இடம் சொல்லி வைக்கத்தான் அன்று காலையில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். பம்பாயில் மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதக் குழு ஒன்றில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும். இந்த நாட்டில் டபுள் பேஸுக்கு மாதச் சம்பள வேலை என்பது அபூர்வம். இருக்கிறவர் வெளிநாடு போனால்தான் உண்டு. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

மலைமேல் சித்திரபுரத்தில் மின்வாரிய வேலையில் இருந்த மாமன் வீட்டுக்குப் போன சின்ன வயதில், எஸ்டேட் கிளப்பில் ஒரு பேண்டுக்காரர் இதை வாசித்ததைக் கேட்டு அதன் பின்னாலேயே போனவன் அவன். கிளப்பைக் கலைத்தபோது மூலையில் கிடந்த இதை வாங்கித் தேயிலை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தான். பிறகு மெட்ராஸ். சினிமா ஒலிப்பதிவில் கடைசி வரிசையில் நின்று 'தும் தும்' என்று தந்தியைச் சுண்டிப் பிழைப்பு நடந்தது. வில்லை எடுத்து முழு இசையும் வாசிக்கிற வேலைக்குத்தான் அவன் உயிரை விட்டுக் கற்றது. அந்த ஒலியெல்லாம் கேட்க மெட்ராஸில் அவன் தங்கியிருந்த லாட்ஜ்காரருக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் ஒரு மாதமாக ஊரில், தொட்டியை ஒட்டிய கடலைக் குடோனில் பழகினான்.

அந்த ஒரு மாதமும் பொங்கியண்ணன் குடோனை எட்டிப் பார்க்கவில்லை. வில்லை வைத்துத் தந்தியை இழுத்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விடுவார். யாராவது விசாரித்தால், "என்ற பையன் மெட்ராசுல சும்மாதானுங்க இருக்கறான்" என்பார். வாத்தியத்துக்கு அவர் வைத்த பெயர் 'பொட்டி'.

"ஆரக் கேட்டுங்கப்பா இதத் தொட்டீங்க?"

"ஆரடா கேக்கோணும்? ஆயுத பூசைக்குத் தொழில் பண்ற சாமானக் கழுவாம எப்புடி வெக்கறது? இதும் உன்ற தொழில்தான?"

உன்ற தொழில். அந்த ஒரு சொல்லுக்காக ரத்தினசாமி இத்தனை வருடம் ஏங்கியிருந்தான். வந்ததுதான் வந்தது, தேங்காய் நாரோடும் தண்ணீரோடும் வந்ததே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தன வருசமாத் தொழிலாத் தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்களா? எப்பவும் போல வஞ்சுட்டுப் போயிருக்கலாமல்லோ? எதுக்குங்க கைய வெச்சீங்க?"

பொங்கியண்ணனின் சிரிப்பு செத்தது. "தண்ணி பட்டாக் கெட்டுப் போற சாமான வெச்சுட்டு என்னடா தொழிலு?" என்று அவரும் கத்தினார்.

வாத்தியத்தைத் தூக்கி நிழலில் வைத்துவிட்டு ரத்தினசாமி ஆசாரி குப்பண்ணன் வீட்டுக்கு ஓடினான். அங்கே உளியும் இழைப்புளியும் வஜ்ஜிரச் சட்டியும் பொரி, பழத்தோடு சாமி முன்னால் வரிசையாக இருந்தன.

"நாளைக்குக் காலைல எடுத்தாத்தானுங்க தம்பி தொடலாம். இன்னைக்குத் தொட்டா ஆகாதுங்க" என்றார் குப்பண்ணன்.

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. ஒருவர் பக்தியோடு கெடுத்தார், இன்னொருவர் பக்தியோடு கையைக் கட்டிக்கொண்டார். யாரைப் போய் அடிப்பது?

மறுநாள் விடிந்ததும் குப்பண்ணன் வந்து பசை காய்ச்சி ஒட்டினார். புதுத் தும்புக் கயிற்றால் சுற்றி இறுக்கினார். பசை இறுக ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வேண்டும், இருந்ததோ மதியம் வரைக்கும்தான். பொங்கியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார்.

"அதென்ன அடுப்புங்களா, விசிறறதுக்கு?" என்று எரிந்து விழுந்தான் ரத்தினசாமி. அவர் விசிறியைக் கீழே வைக்கவில்லை.

மதியம் கயிற்றை அவிழ்த்து, தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். வில் மட்டும் தப்பித்திருந்தது. புருஷன் கண்ணில் படாமல் மருதாத்தாள் அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அடித்தந்தியில் வில்லை வைத்து இழுத்தான். பலகைக்குள் எங்கேயோ ஜிர்ரென்று அதிர்ந்தது. மறுபடி இழுத்தான். மறுபடி அதே ஜிர்.

"நல்லாத்தானடா கேக்குது?" என்றார் பொங்கியண்ணன்.

அவர் சமாளிக்கச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நாள் குடோன் வாசலில் நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"இல்லீங்க" என்றாள் மருதாத்தாள். இதுவரை அந்த வாத்தியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இந்தத் தந்திய இழுத்தாத் தொட்டித் தண்ணி நடுங்குமுங்க. எரும குடிக்காம நின்னு பாக்கும். இப்பத் தண்ணி அசையவே இல்லீங்க."

பொங்கியண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் நேரத்துக்கு ரத்தினசாமி வில்லை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். பின்னாலேயே பொங்கியண்ணன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"பஸ்ஸு மேல ஏத்திக்கலாம்டா. இதில்லாம அங்க எத வாசிப்ப?"

"ஆரு கால்லயாவது உழுந்து அவங்க வாத்தியத்த வாங்கி வாசிக்கோணுமுங்க. குடுத்தாங்கன்னா. கை பழகாததுல, ஒரே தடவைல." பஸ் வந்து நின்றது. "இது உங்ககிட்டயே இருக்கட்டும். கழுவுனீங்கல்லோ, வருசா வருசம் வெச்சுக் கும்புடுங்க."

பஸ் கிளம்பியது. வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி அவர் ரோட்டோரம் நின்றார். மாலை இன்னும் அதன் கழுத்திலேயே கிடந்தது. ரத்தினசாமி திரும்பிப் பார்த்தான். பாவம் என்று தோன்றவில்லை. திங்கட்கிழமை தாண்டட்டும், அப்புறம் தோன்றினால் தோன்றட்டும் என்று வில்லை மடியில் வைத்துக்கொண்டான்.