ஜெரால்டுக்கு எழுதிய கமெண்ட்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில், கமெண்ட் இல்லாத எதுவும் திங்கட்கிழமை இருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டாகுமெண்ட் எடுக்கும் புரோகிராம் ஓடும். ஒவ்வொரு நிரலுக்கும் மேலே, அது என்ன செய்யும் என்று விளக்கி எழுதியிருக்கும் கமெண்டைத் திரட்டிப் புத்தகமாக்கும். நிரல், நாற்காலி என்று அது பேதம் பார்ப்பதில்லை. போன வருஷம் யாரும் எழுதாமல் விட்டதில் தண்ணீர் வடிகட்டியும் ஒரு மேனேஜரும் போய்விட்டார்கள். வடிகட்டியை மட்டும் திரும்ப வாங்கினார்கள்.

மனிதர்களுக்குப் பக்கத்து இருக்கைக்காரர்தான் எழுத வேண்டும், வாரா வாரம் புதிதாக. ஜெரால்டுக்கு எழுதும் பொறுப்பு முத்தரசிக்கு. அவளுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம், அதுதான் தொந்தரவு. உள்ளதை எழுதினால் அலுவலகமே படிக்கும். எழுதாவிட்டால் ஆளே இருக்க மாட்டான். இத்தனை நாளும் ‘நன்றாக வேலை செய்வார்’ என்று ஒப்பேற்றியவளுக்கு அந்த வாரம் அப்படி எழுதக் கை வரவில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தாள். கடைசி நிமிஷத்தில், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பிரிண்டரின் கமெண்டை அப்படியே நகலெடுத்து அவன் பெயருக்கு மேல் ஒட்டினாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். எல்லோரையும் போல அவளும் மாற்ற மறந்தாள்.

புத்தகம் வந்தது. ‘ஜெரால்டு: இரண்டு பக்கமும் அச்சடிக்கும். சிக்கிக்கொண்டால் இழுக்காமல் பக்கக் கதவைத் திறக்கவும்.’

திங்கட்கிழமை எல்லோரும் ஜெரால்டிடம் காகிதம் கொடுத்தார்கள். அவன் முகம் சுளிக்காமல் அச்சடித்துக் கொடுத்தான். சும்மா இருக்கப் பிடிக்காத பிரிண்டர், அவன் நாற்காலியில் உட்கார்ந்து துறைமுகத்திலிருந்து வரும் போன்களை எடுத்தது.

புதன்கிழமை ஒரு சுங்கப் படிவத்தின் நடுவில் ஜெரால்டு சிக்கிக்கொண்டான். பாதி வரியில் நின்றுவிட்டான். முத்தரசி ஓடிப்போய் அலுவலகத்தின் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். கடற்காற்று உள்ளே வந்ததும் அவன் மீதி வரியை அடித்து முடித்தான்.

“இந்த வெள்ளிக்கிழமை என்னத்த எழுதப் போறிய?” என்று கேட்டான்.

“உள்ளத எழுதிருதேன்.”

எழுதினாள். ‘ஜெரால்டு: என்ன செய்கிறார் என்று விளங்கவில்லை. எடுத்துவிட்டால் பக்கத்து நாற்காலியில் எதுவும் ஓடாது. தயவுசெய்து நீக்க வேண்டாம்.’

நாலு மணிக்குப் புத்தகம் வந்தது. எல்லோரும் படித்தார்கள். முத்தரசி தலை நிமிராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அவளுக்கு ஜெரால்டு எழுதியிருந்தது ஒரே வரி. ‘முத்தரசி: முந்தைய பக்கத்தில் உள்ளதே இதற்கும்.’ அவள் எழுதும்போது எட்டிப் பார்த்திருக்கிறான், திருட்டுப்பயல்.

திங்கட்கிழமை ஜெரால்டு ஜெரால்டாகவே வந்தான். பிரிண்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அது பொறுமையாகப் பதில் சொல்கிறது என்று துறைமுகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அதனால் முத்தரசியின் நாற்காலியை ஒட்டி ஜெரால்டுக்கு இன்னொன்று போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை இருவருக்கும் சேர்த்து ஒரே கமெண்டாக, இப்போது பக்கத்து இருக்கைக்காரரான பிரிண்டரே எழுதியது. அதன் அடியில் கல்யாணத் தேதியும் மண்டபத்தின் பெயரும் போட்டிருந்தது. ஜெரால்டு அந்தத் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தான், மூன்று பேருக்கும் சேர்த்து.