புரட்டாசிக் கொட்டாய்

மோட்டுவளை ஏறிய நேரத்தில் அங்கே இருந்தவர்கள்: பொன்னுரங்கம். அவனுடைய எருமை. வேலிக்கு அந்தப் பக்கம் கீரை ஆய்கிற சாக்கில் உட்கார்ந்திருந்த பெரியநாயகி. எங்கிருந்தோ வந்து படுத்திருந்த ஒரு சொறிநாய்.

வேறு யாரும் இல்லை. கூரையின் உச்சியில் படுக்கிற நீள மரம்தான் மோட்டுவளை. அதை ஏற்றுவது என்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு கூட்டமே வந்து நிற்கும். பங்காளிகள் ஒரு முனையைத் தூக்குவார்கள், மாமன் மச்சான்கள் மறுமுனையைத் தூக்குவார்கள், எதையும் தூக்காத ஒருவன் நடுவில் நின்று கத்திக்கொண்டிருப்பான். ஆனால் அது எண்பத்தேழாம் வருசத்துப் புரட்டாசி. தனி இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஆம்பளைகள் மொத்தப் பேரும் சேலம் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. பொன்னுரங்கம் வேலை பார்த்த அரிசி ஆலையும் மூடிக் கிடந்தது.

அவனுக்கு அது வசதியாகப் போயிற்று. அவனுக்கு நேரம்தான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கூரை நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னவள் அவன் பெண்டாட்டி செந்தமிழ்ச்செல்வி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் அண்ணன் வீட்டில் கிடைத்த இடம், நெல் மூட்டைக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு பாய் அகலம். ராத்திரியில் ஒண்ணுக்குப் போகிறவர்கள் எல்லாம் அவர்களைத் தாண்டித்தான் போனார்கள். அரிசிப் பானையில் கை விடுவதற்கு அண்ணியைக் கேட்க வேண்டும். ஆடி மாசம் தாய் வீட்டுக்குப் போனவள் ஆவணி பிறந்தும் திரும்பவில்லை. மலையடிவாரத்தில் இருக்கிற அவள் ஊருக்குப் பொன்னுரங்கம் ஆள் அனுப்பினான். பதில் வந்தது. புரட்டாசி முதல் ஞாயிறு வந்து பார்ப்பாளாம். தனியாக ஒரு கூரை இருந்தால் இருப்பாளாம். இல்லாவிட்டால் வந்த காலோடு திரும்பிவிடுவாளாம், அப்புறம் யாரையும் அனுப்ப வேண்டாமாம்.

சொன்னதைச் செய்கிறவள். அதுதான் அவனுக்குப் பயம்.

ஆலை வேலை முடிந்து வந்து வந்து, கொல்லையில் மண்சுவரை அவனே எழுப்பினான். கள்ளக்குறிச்சியில் இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய கதவும் நிலையும் வாங்கி, சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தான். மூங்கிலுக்குக் கரியாலூர் வரைக்கும் போனான். மூங்கில் விற்ற மலைக்காரர், வெள்ளெருக்குப் பூ மாதிரி சின்ன வாய் வைத்த மண் சுங்கான் ஒன்றில் புகைத்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். கூரை முடிந்த பிறகுதான் அதைப் பற்றவைப்பது என்று அவன் முடிவு செய்தான். அதுவரைக்கும் பீடியையும் விட்டான். ஒரு வெறிதான்.

புரட்டாசியில் வீடு கட்டக் கூடாது என்று பெரியநாயகி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் சொன்னாள். அவள் அவனுக்கு அத்தை முறை. இந்த மாசத்தில் நிலை வைத்த வீடு விளங்காது என்றாள்.

"இது வூடு இல்ல அத்த. மாட்டுக் கொட்டாய்."

"மாட்டுக்கு எதுக்குடா ஜன்னலு?"

"எரும பொம்பள இல்லியா. வெளிய பாக்கணும்னு ஆச இருக்காதா?"

கொட்டாய்க்கு மாசக் கணக்கு கிடையாது. ஊரில் அது ஒத்துக்கொண்ட விஷயம். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் கொட்டாய் என்றே சொன்னான்.

சுவர் நின்றது, கவட்டை வைத்த கால்கள் நின்றன, மூங்கில் இருந்தது, வேய்வதற்குக் கரும்புச் சோகை கட்டுக் கட்டாக இருந்தது. மோட்டுவளைக்குத்தான் மரம் இல்லை. கொல்லையில் நின்ற பனையை வெட்டலாம் என்று இருந்தான். அண்ணன் ராஜாங்கம் அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பாகம் பிரிக்காத சொத்தில் ஓலைகூட வெட்டக் கூடாது என்றான். அது வியாழக்கிழமை காலை. அதைச் சொல்லிவிட்டு அதே அரிவாளோடு ராஜாங்கம் ரோட்டுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் பொன்னுரங்கமும் ரோட்டுக்குப் போனான். போராட்டத்துக்கு இல்லை, மரத்துக்கு. அவ்வளவு மரம் ஒரே இடத்தில் கிடந்து அவன் பார்த்ததே இல்லை. புளிய மரங்கள் கிளையோடு குப்புறக் கிடந்தன. நடுவில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கியது. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் ஒரு அடிமரத்தின் மேல் நின்று, லுங்கியை மடித்துக் கட்டி, யாரையோ ஏவிக்கொண்டிருந்தான். பொன்னுரங்கத்தின் கண் பள்ளத்தில் போய் நின்றது. அங்கே ஒரு இளம் வேம்பு விழுந்து கிடந்தது. கோடு போட்ட மாதிரி நேர். ரோட்டை மறிக்க அது உதவாது, பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணத்தன்று பெண்ணைப் பார்த்தபோதுகூட அப்படி அடிக்கவில்லை.

எருமையை ஓட்டி வந்து வேம்பின் அடியில் கயிறு போட்டான். பையன்கள் பார்த்துவிட்டுக் கூவினார்கள். ராஜாங்கம் மரத்திலிருந்து இறங்கி வந்தான்.

"ஊரே ரோட்டுல கெடக்குது. நீ பொண்டாட்டிக்கு வூடு கட்டிக்கினு கீற."

"ரோட்டுல கெடக்கறவன் எல்லாம் ராவிக்கு வூட்டுக்குதான போறான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதனால் ராஜாங்கம் அடிக்கவில்லை. பஸ்ஸே இல்லை, அவள் எப்படி வருவாள் என்று கேட்டு மட்டும் காறித் துப்பினான். அது பொன்னுரங்கத்துக்கும் தெரியாது. எருமையைத் தட்டினான். வேம்பு புழுதியில் தாரை போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தது.

பெரியநாயகி வீட்டுக் கொடுவாளை வாங்கி விடியவிடியக் கிளை கழித்தான். ரோட்டோர மரங்களுக்கு எல்லாம் அடிப்பக்கம் வெள்ளையும் கருப்புமாகப் பட்டை அடித்து நம்பர் போட்டிருக்கும். இதற்கும் இருந்தது. பட்டை உரித்தவன் அந்தப் பாகத்தை மட்டும் உரிக்காமல் விட்டான். பெயிண்ட் அடித்த மரத்தைக் கரையான் தொடாது என்பது ஒன்று. ஊரில் எவன் வீட்டு மோட்டுவளைக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறது என்பது இன்னொன்று. அந்த முனையைத் தெருப்பக்கம் நீட்டி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தான். அவன் நினைத்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை அதை மேலே ஏற்ற வேண்டும். ஒற்றை ஆள். ஆலையில் எண்ணெய் பீப்பாயை லாரியில் ஏற்றுவது அவனுக்குத் தெரியும். இரண்டு பலகையைச் சாய்த்து, கயிற்றை மேலே கட்டி, பீப்பாய்க்கு அடியில் விட்டு மறுபடி மேலே வாங்கி இழுத்தால், பீப்பாய் தானாக உருண்டு ஏறும். பலகைக்குப் பதில் மூங்கிலைச் சாய்த்தான். வேம்பின் இரண்டு முனைக்கும் அடியில் கயிறு விட்டு, கவட்டைக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கி, இரண்டையும் சேர்த்து எருமையின் கழுத்தில் கட்டினான்.

"செத்துடுவடா. என்னால பாக்க முடியாது" என்றாள் பெரியநாயகி. எழுந்து போகவில்லை.

எருமை நடந்தது. மரம் உருண்டது. மூங்கில் கிறீச்சிட்டது. பாதி ஏறியதும் அடிப்பக்கம் முந்திக்கொண்டு நுனிப்பக்கம் பின்தங்கியது. மரம் கோணிக்கொண்டு நின்றது. எருமை இதுதான் சமயம் என்று வேலியோரத்துப் புல்லில் வாயை வைத்தது. கயிறு தளர்ந்தால் மரம் அவன் தலையில். பொன்னுரங்கம் நுனிக்கு அடியில் தோளைக் கொடுத்தான். தோல் வழன்றது. கெட்ட வார்த்தை ஒவ்வொன்றாக வெளியே வந்தது, எருமையின் தாயார், தாயாரின் தாயார் வரைக்கும் போயிற்று. அது அசையவே இல்லை.

பெரியநாயகி கீரைக் கூடையைப் போட்டுவிட்டு, வேலி முள்ளுக்குள் கையை விட்டு, எருமையின் வாலை முறுக்கினாள்.

எருமை பாய்ந்தது. மரம் ஒரே உருளாக உருண்டு போய்க் கவட்டைகளில் தொம்மென்று உட்கார்ந்தது. சுவர் ஒரு தரம் அதிர்ந்து நின்றது. சொறிநாய் ஓடிவிட்டது. பொன்னுரங்கம் கீழே மண்ணில் மல்லாந்து விழுந்து, மேலே வானத்துக்குக் குறுக்கே கோடு கிழித்த மாதிரி கிடந்த மரத்தைப் பார்த்துச் சிரித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான். பெரியநாயகி கையில் முள் கிழித்த ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவுக்கே சொன்னாள்.

அதற்கப்புறம் அவன் தூங்கினானா என்பது அவனுக்கே நினைவில்லை. மூங்கிலைக் கட்டினான். சோகையைப் பரப்பினான், கீழேயிருந்து மேலே, வரிசைமேல் வரிசை. கயிறு தீர்ந்ததும் எருமையின் கயிற்றையே அறுத்துக் கட்டினான். சுவருக்குக் கடைசிப் பூச்சுப் பூசிய செம்மண் குழம்பு வாசலில் ஒரு பானை மிச்சம் நின்றது. ஞாயிறு விடிந்தபோது கூரை இருந்தது. கதவு இருந்தது. திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. சும்மாவே திறந்து திறந்து மூடிப் பார்த்தான்.

பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சுங்கானை எடுத்தான். புகையிலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி நிரப்பினான். பெரியநாயகி வீட்டு அடுப்பிலிருந்து ஒரு கங்கு வாங்கி வந்து மேலே வைத்து இழுத்தான். காரம் நெற்றிக்கு ஏறியது. அடுத்த இழுப்பில் பல்லுக்குப் பின்னால் ஒரு இனிப்பு வந்தது. உள்ளே திரும்பி மோட்டைப் பார்த்துப் புகையை விட்டான். புகை மெதுவாக ஏறி, சோகைக்கு அடியில் பரவி, வெளியே போக வழி தேடியது. ஒரு துளி வெளிச்சம்கூட உள்ளே ஒழுகவில்லை. நான் கட்டினேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். கேட்க நன்றாக இருந்தது. இன்னொரு தரமும் சொன்னான்.

வெயில் ஏறியது. அவள் வரவில்லை. சுங்கானை மறுபடி நிரப்பினான். பஸ் இல்லாமல் எப்படி வருவாள் என்று ராஜாங்கம் கேட்டது இப்போதுதான் உறைத்தது. கூரை முடிந்த சந்தோசம் மட்டும் போகவில்லை.

உச்சி வெயிலில் கரும்புத் தோட்டத்து வரப்பில் ஒரு பித்தளைக் குடம் தெரிந்தது. குடத்துக்குக் கீழே செல்வி. முழங்கால் வரைக்கும் சேறு. இருட்டோடு கிளம்பி, வயல் வயலாகக் குறுக்கே விழுந்து நடந்தே வந்திருந்தாள். பொன்னுரங்கம் எழுந்தான். வாயில் இருந்த சுங்கானை எடுக்க மறந்துவிட்டான்.

அவள் குடத்தை இறக்கவில்லை. கொட்டாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே எட்டி மேலே பார்த்தாள். அவன் பின்னாலேயே போனான்.

"வழியில மாட்டுக் கொட்டாய்னு சொன்னாங்க."

"புரட்டாசி. அதான்."

"தை பொறந்தா?"

"வூடு."

வாயில இன்னா அது, கோயில் நாயனம் மாதிரி என்று கேட்டாள். அப்புறம் குடத்தை இறக்கி வாசற்படியின் உள்பக்கம் வைத்தாள். வெளிப்பக்கம் வைக்கவில்லை. அவனுக்கு அது போதும். குதிக்க வேண்டும் போல இருந்தது.

தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த முனை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. வெள்ளை, கருப்பு, வெள்ளை, நடுவில் பளிச்சென்று நம்பர்.

"அது இன்னா, மைல் கல்லா?"

பொன்னுரங்கம் பெருமையாகவே சொன்னான். ரோட்டு மரம், பள்ளத்தில் கிடந்தது, கரையான் தொடாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஆட்கள் ஓடினார்கள். ராஜாங்கம் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கரும்புக்குள் பாய்ந்தான். பெரியநாயகி வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். போலீஸ் லாரி ஊருக்குள் வந்துவிட்டதாம். மரம் வெட்டியவர்களைத் தேடுகிறார்களாம். வீடு வீடாக ஆம்பளைகளை ஏற்றுகிறார்களாம்.

"நான் வெட்டலியே" என்றான் பொன்னுரங்கம்.

"நம்பரு உன் வூட்டு மேல கீது" என்றாள் செல்வி.

அவன் கரும்புப் பக்கம் பார்த்தான். லாரிச் சத்தம் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. செல்வி செம்மண் குழம்புப் பானையைத் தூக்கினாள். இரண்டு எட்டுப் பின்னால் போய் மேல்நோக்கி விசிறினாள். பாதி அவன் தலையில் விழுந்தது. இரண்டாவது வீச்சில் வெள்ளை மறைந்தது, மூன்றாவதில் நம்பரும் மறைந்தது. முனையிலிருந்து சிவப்பாகச் சொட்டியது.

"அத்த, இங்க ஆம்பள இல்ல. நான் மட்டும் வந்து மாடு பாத்துக்கினு கீறேன். இன்னா?"

பெரியநாயகி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே கீரைக் கூடையைத் தேடிப் போய் உட்கார்ந்தாள்.

செல்வி அவன் வாயிலிருந்த சுங்கானைப் பிடுங்கி மாட்டுத் தொட்டியில் போட்டாள். சொய்ங் என்றது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"உள்ள போ. புகை, இருமல், ஒண்ணும் வரக்கூடாது."

அவன் போனான். அவள் குடத்துக்குள் கையை விட்டு, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தாள். ஜன்னலைத் தள்ளி மூடி, கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கியில் பூட்டை மாட்டி அழுத்திப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.